ஏழாவது பாட்டில் டிரம்

வெர்லன் ஸ்டிடம் பதினோரு வருஷம் கழித்து
ஓர் ஆல்பம் போட்டிருக்கிறார்.
செவ்வாய் இரவு முழுவதையும் ஒலிபரப்பினோம்,
விளம்பரம் இல்லாமல்.
நடுவில் ஒரே ஒரு தடவை
கென்டக்கி ஆற்றுக்கு வெள்ள எச்சரிக்கை.
முடிந்ததும் போன் அடிக்கத் தொடங்கியது.
எடுப்பவள் நான். சம்பளம் கிடையாது, காபி உண்டு.
சொன்னதையெல்லாம் மின்கட்டண ரசீதின் முதுகில் எழுதினேன்.

முதலில் டென்வர் க்ரேஸ், டயர் கடை.
சோற்றில் கல் கடித்த குரல்:
"ஏழாவது பாட்டில் டிரம் கேட்கிறதே, யாரைக் கேட்டுச் சேர்த்தார்?
பாஞ்சோ, மாண்டலின், ஃபிடில், கிதார், பாஸ்.
கைக்கு ஐந்து விரல் போதாதா?"
அது டிரம் இல்லை,
பலகைத் தரையில் வெர்லனின் ஷூ தட்டுகிறது என்றேன்.
கொஞ்ச நேரம் காற்றடிக்கும் சத்தம் மட்டும்.
"அப்படியென்றால் சரி.
ஆனாலும் ரொம்பப் பெரிய ஷூ."

ட்வைலா ஃபியூகேட், இரவுப் பணி நர்ஸ்,
மருந்து அறையிலிருந்து தணிந்த குரலில்:
"முன்பெல்லாம் அவர் பாஞ்சோ
மூடி போட்ட சட்டியில் சோளம் பொரிவதுபோல்.
இப்போது ஒவ்வொரு பொரியையும் எண்ண முடிகிறது.
குறை சொல்லவில்லை.
எண்ணினேன், அவ்வளவுதான்."

லெக்ஸிங்டனில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர்,
பெயர் சொல்லவில்லை:
மூன்றாவது பாட்டில் ஒரு சுரம் தப்பு,
திருத்த இரண்டு நிமிஷம் போதும், ஏன் விட்டார்கள்?
அரைமணி கழித்து அவரே மறுபடி:
"அந்தத் தப்பை வாசித்துப் பார்த்தேன்.
வரவில்லை."

ஆர்லிஸ் போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.
"அந்த இரண்டு பக்திப் பாட்டையும்
அவர் நம்பாமல்தான் பாடுகிறார். எனக்கு அவரைத் தெரியும்.
நம்புகிற நாங்கள் இவ்வளவு நன்றாகப் பாடுவதில்லை.
ஞாயிற்றுக்கிழமை இதை எப்படிப் பேசுவது?"
எனக்குத் தெரியவில்லை என்றேன்.
இதற்குத்தான் எழுதினேன் ஒரு கேள்விக்குறி.

பிறகு ஒஹையோவிலிருந்து ஒரு பெண்.
மகள் கணினியில் நம் நிலையத்தைப் பிடித்துக் கொடுத்தாளாம்.
"நான் ஜெனீவா. முன்பு ஸ்டிடம்.
ஒன்பதாவது பாட்டில் நான் காலை பஸ்ஸில் போகிறேன்.
பஸ் இல்லை. என் சொந்தக் கார், பச்சை ப்ளிமத்.
காலையும் இல்லை, மத்தியானம் இரண்டு மணி,
அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.
எழுதிக்கொண்டீர்களா?"
எழுதிக்கொண்டேன்.
பாட்டு எப்படி என்றேன்.
"பாட்டுக்கு என்ன.
இன்னொரு தரம் போடுவீர்களா?"

பதினொன்றரைக்கு வெர்லனே கூப்பிட்டார்.
"பாராட்டை விட்டுவிடு, மற்றதைப் படி."
படித்தேன்.
ஷூவா? அன்றைக்குக் கம்பளி உறை மட்டும்தான் போட்டிருந்தேன்,
அது டிரம்தான், டென்வரிடம் சொல்லிவிடாதே என்று சிரித்தார்.
போதகரின் வரிக்கு "ம்" என்றார்.
பச்சை ப்ளிமத்துக்குச் சிரிக்கவில்லை.

"வெள்ள எச்சரிக்கை எந்த இடத்தில் வந்தது?"
ரசீதைத் திருப்பி நேரத்தைப் பார்த்தேன்.
ஒன்பதாவது. கடைசிச் சரணம்.
எதிர்முனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"பஸ் என்பது நான் ஊருக்குச் சொன்னது.
அந்தச் சரணத்தில்தான் கார் வருகிறது," என்றார்.
"நீலம்."

பச்சையை அடிக்காமல்
பக்கத்தில் நீலம் என்று எழுதினேன்.
ஆறு இன்னும் ஏறுவதாக
இன்னொரு தாள் வந்திருந்தது.
நான்கு நிமிஷம் பொறுக்கும் என்று தோன்றியது.
ஒன்பதாவதை மறுபடி போட்டேன்.