அடைப்புக்குறிக்குள் சிரிப்பு

கல்லடியில், மின்விசிறிக்கு நேர்கீழே இருந்து
நிமிடத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில்
ஒரு வெள்ளைக்கார வீட்டின் வரவேற்பறைக்குத்
தமிழ் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சோபா, மாடிப்படி, மூன்று கதவு.
நாலாவது சுவர் இருக்கவேண்டிய இடத்தில்
ஆட்கள் இருந்து சிரிக்கிறார்கள்.
அவர்களை ஒருநாளும் காட்டுவதில்லை.
ஒவ்வொரு தடவையும்
அடைப்புக்குறி திறந்து, சிரிப்பு என்று எழுதி,
அடைப்புக்குறி பூட்டவேண்டும்.
ஒரு பாகத்துக்கு நூற்றுப் பதினாலு பூட்டு.

இந்த மாதம் கொம்பனி ஒரு கட்டம் சேர்த்திருக்கிறது:
இக்காலப் பார்வையாளருக்குப் பொருந்துமா?
ஓம். இல்லை.
வேறு தெரிவு கிடையாது.

ஏழாம் பாகம்.
பின்கதவால் கணவர், காற்சட்டை இல்லாமல்.
முன்கதவால் பாதிரியார்.
நடுவில் மனைவி, கையில் கேக்.
இங்கிலீசு தெரியாத இன்பராசா
சோற்றுக்கோப்பையோடு எனக்குப் பின்னால் நின்று
புரைக்கேறும்வரை சிரிக்கிறார்.
ஓம்.
காற்சட்டையைச் சாரமாக்கினால்
காத்தான்குடியிலும் நடக்கும்.

சம்மாந்துறையிலிருந்து றிஸ்மியாவின் குரல்செய்தி:
"சிரிப்புச் சத்தத்த நிப்பாட்டிட்டுப் பாத்தன் கா.
ஒரு மனிசன் கத்துறான்,
எல்லாரும் பேசாம நிக்கிறாங்க.
மறுகா திரும்பவும் கத்துறான்.
பயமாக் கிடக்கு கா."

எட்டாம் பாகம்.
பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர் எங்கள் நிறம்.
வாயைத் திறக்கிறார்.
பகிடி ஒன்றும் விடவில்லை,
ஒரு எழுத்து உதட்டில் வழுக்கியது, அவ்வளவுதான்.
இந்த வரிசையிலேயே நீளமான சிரிப்பு.
பதினொரு செக்கன்.

பதினொரு செக்கனும் நான்
வலையிறவுப் பாலத்தடியில் நிற்கிறேன்.
பதினேழு வயது, சைக்கிள், நனைந்த அடையாள அட்டை.
எங்கே போகிறாய் என்றதற்கு
தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் ஒன்று
பிழையாக வந்துவிட்டது.
ஆமிக்காரன் மற்றவனைக் கூப்பிட்டான்.
ஆயித் கியன்ன.
திரும்பச் சொன்னேன்.
இன்னொருவனும் வந்தான். திரும்பச் சொன்னேன்.
பின்னால் வரிசையில் நின்ற எங்கட ஆட்களும் சிரித்தார்கள்.
கெதியாக விடுவான் என்ற நம்பிக்கையில்
நானும்தான்.

இல்லை என்று அழுத்தப் போன விரல்
ஹெட்போனுக்குள் எதையோ கேட்டு நின்றது.
கேட்டு அல்ல. கேளாமல்.

முதலாம் பாகத்திலிருந்தே எனக்கு ஒருத்தியைத் தெரியும்.
எல்லோரும் சிரித்து ஓய அரைச் செக்கன் பிந்தி
கிணற்றுக் கட்டில் வாளி இடிபடுவதுபோல்
தட தட என்று தனியே சிரிப்பாள்.
தாதியோ, பஸ் கொண்டக்டரோ.
இப்போது உயிரோடு இருக்கிறாளோ என்னவோ.
அந்தப் பதினொரு செக்கனில் அவள் இல்லை.
ஐந்து தடவை பின்னுக்கு இழுத்துக் கேட்டேன்.
அன்றிரவு வரவில்லையா? இருமலா?
தேநீர் குடிக்க வெளியே போனாளா?

பிறகு, இரண்டு நிமிடம் தள்ளி,
பக்கத்து வீட்டுக்காரர் கோப்பையைக் கீழே வைத்து
மெல்லச் சொல்கிறார்:
"உங்கள் தேநீரைவிட
உங்கள் மழை கொஞ்சம் சூடு."
அரங்கம் விளங்காமல் இருக்கிறது.
வாளி இடிபடுகிறது.
அவள்தான். அவள் மட்டும்தான்.

தனிச் சிரிப்பைக் குறிக்கத் தேவையில்லை என்பது
கொம்பனி விதி, பக்கம் ஒன்பது.

இக்காலம் என்கிறார்களே,
அது அந்த அரங்கத்திலேயே
ஒரு கதிரையில் அப்போதே இருந்திருக்கிறது,
பல்லைக் கடித்துக்கொண்டு,
தன் முறைக்குக் காத்துக்கொண்டு.

கரண்ட் போகிறது. விசிறி தேய்ந்து நிற்கிறது.
மடிக்கணினியில் எட்டு வீதம்.
கட்டத்தை நிரப்பாமல் சேமிக்க முடியாது
என்று சிவப்பில் சொல்கிறது.
இருக்கட்டும்.
அடைப்புக்குறி திறந்து
ஒருத்தி சிரிக்கிறாள் என்று எழுதி
பூட்டாமல் விடுகிறேன்.