பதிப்பு 14

ஆம்பூர் பைபாஸ் ஓரம், ஷூ கம்பெனி மாடி.
கூலிக் கணக்குப் போடும் நிரலை
வெள்ளி இரவு ஒன்றேகாலுக்கு
உறையவைத்தேன்.
பதிப்பு 14. குறிப்பு: ‘ஓவர்டைம் சரி.’

சரியில்லை.
அரைமணிகளை அது விழுங்கியிருந்தது.
சனிக்கிழமை கவர் பிரித்த மெஹருன்னிசா
தோல்பசை ஒட்டிய விரலோடு படியேறி வந்து
நாற்பத்தேழு ரூபாய்க் குறையை
என் மேசைமேல் வைத்தாள்,
சில்லறை எண்ணி வைப்பதுபோல.

அதற்குள் திருத்தியிருந்தேன்.
“இங்க சரியா வருது பாருங்க.”
“அங்க?”

அங்கே ஓடுவது 14.
நான் இங்கே என்ன மாற்றினாலும்
அதற்குக் காது கேட்காது.
கேட்காமலிருக்கத்தானே அப்படிச் செய்தேன்,
நடுவில் யார் கையும் படாமலிருக்க,
என் கையும்.

“வெட்டின தோலுக்கு
அட்டையத் திருத்தி என்னா பிரயோஜனம்”
என்றாள், போய்விட்டாள்.
கட்டிங் மெஷின் சத்தம் கீழே.

பதினைந்தை எடுத்தேன். ஓடவிட்டேன்.
திங்களன்று அறுபத்திரண்டு பேருக்கு
மீதி போனது.

14 இன்னும் பட்டியலில் இருக்கிறது.
நீக்கலாமா என்று தேடிப் பார்த்தேன்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.
எதிரே என் பெயர், ஒன்றேகால் மணி,
‘ஓவர்டைம் சரி.’