பேப்பர்க்காரர் தராசு

ஐந்து நாள், மூன்று கணவாய்,
பை ஏழு கிலோவைத் தாண்டக்கூடாது.
சமையலறைத் தராசு ஐந்து கிலோவிலேயே கைகழுவிவிட்டது.
ஆகவே செம்பூர் மழையில்
நான்கு மாடி இறங்கி
பழைய பேப்பர் எடுக்கும் ராம்சஜீவனிடம் பையை நீட்டினேன்.
"வீடு காலி பண்றீங்களா?"
"மலையில் ஓடப் போகிறேன்."
யார் துரத்துகிறார்கள் என்று கேட்கவில்லை,
கேட்டதுபோல் ஒரு பார்வை மட்டும்.
கொக்கியில் மாட்டினார்.
ஆறு நானூறு.

மனம் குளிர்ந்து இரண்டு மாடி ஏறிய பிறகுதான் உறைத்தது:
போன தீபாவளிக்கு என் பதினொரு கிலோ பேப்பரை
எட்டு என்று சாதித்த அதே தராசு.
படியிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
எட்டு எண்ணூறு.

மறுபடி எல்லாம் படுக்கைமேல்.
பல் துலக்கியின் கைப்பிடியை பிளேடால் அறுத்தேன்.
வரைபடத்தில் நாங்கள் போகாத பள்ளத்தாக்குகளைக்
கத்தரித்துப் போட்டேன்.
சட்டைகளின் கழுத்துச் சீட்டுகள்,
காலுறையின் ஒட்டுவிலை,
மருந்துப் பட்டையின் வெற்று ஓரம்.
பருப்புப் பொடி மட்டும்
எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாமல் இருந்தது,
இருக்கட்டும்.

கம்பளிக் கையுறையை மின்விசிறிக்குக் கீழே
போட்டுப் பார்த்தேன். வியர்த்தது.
இரவில் மைனஸ் எட்டு என்கிறார்கள்.
மைனஸ் எட்டை இந்த ஊரில் எங்கே ஒத்திகை பார்ப்பது?
ஃப்ரிட்ஜின் மேல்தட்டில்
பட்டாணிப் பொட்டலத்துக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவே
ஐந்து நிமிடம் கையை வைத்திருந்தேன்.
பட்டாணியைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

கட்டாயப் பட்டியலில் ஒரு விசில்.
ஆபத்தென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி
ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டுமாம்.
ஜன்னலோரம் நின்று மெல்ல ஒன்று ஊதினேன்.
கீழே காவலாளி திரும்பிப் பார்க்காமலே
கையை ஆட்டினார்:
வரட்டும், வரட்டும்,
பின்னால் இடம் இருக்கு.

கூடாரம்தான் பெரும்பாரம்.
துணி எனக்கு, கம்பிகளும் முளைகளும் ஊர்விக்கு
என்று பங்கு பிரித்திருந்தோம்.
எதிர் டவரின் இருபத்திரண்டு மாடியை
விடியற்காலையில் பன்னிரண்டு முறை சேர்ந்து ஏறியவள்,
லிஃப்ட்டில் இறங்கும்போது மட்டும் பேசுகிறவள்.
ஜூன் மாதம் குர்லா நடைமேம்பாலத்தில்
ஈரத்தில் வழுக்கி
முட்டியில் ஏதோ ஒரு நார் அறுந்தது.
இப்போது நான் ஒற்றையாள் பிரிவு.
ஒற்றையாளுக்கும் கூடாரம் முழுதாகத்தான் வேண்டும்.

அவள் பங்கை நேற்று அவள் மகன் கொண்டுவந்தான்.
ஐந்நூற்று இருபது கிராம் என்று
முன்பே எழுதிவைத்திருந்தேன்.
தராசு ஐந்நூற்று இரண்டு என்றது.
இது என் வீட்டுத் தராசு, பொய் சொல்லாது.
பிரித்தேன்.
எட்டு முளைகள்.
ஒவ்வொன்றின் உடம்பிலும் வரிசையாகத் துளைகள்,
விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக.
"ரெண்டு ராத்திரி தூங்கலை ஆன்ட்டி,
காலை ஸ்டூல்மேல நீட்டிக்கிட்டு
டிரில்லிங் மெஷினோட" என்றான் பையன்.
"கீழ் வீட்டுக்காரங்க வந்து சண்டை போட்டாங்க."

பதினெட்டு கிராம்.

நன்றி என்று தட்டிவிட்டு அழித்தேன்.
"காற்றடித்தால் உன் துளையெல்லாம் ஊதுமா?" என்று அனுப்பினேன்.
"ஊதினால் ஆறு முறையா என்று எண்ணு" என்று வந்தது.

நாளை இரவு பாந்த்ராவில் ரயில்.
என் கணக்குப்படி இன்னும் கொஞ்சம் அதிகம்,
ராம்சஜீவன் கணக்குப்படி
ஒரு குக்கரே எடுத்துப் போகலாம்.
மணி ஒன்றே கால்.
பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்துத் தின்றேன்.
முப்பது கிராம் குறைந்தது.
இனி அதையும்
நான்தான் தூக்க வேண்டும்.