ஒன்பதாம் கிணறு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
கிணறுகளைப் பார்க்க வருகிறேன்.
எட்டிப் பார்த்தால் முகம் தெரியும் கிணறுகள் அல்ல.
இரண்டு அங்குலக் குழாய், இரும்பு மூடி, பூட்டு.
சாவி என்னிடம்.

சுங்கை மெர்பாவில்
ரப்பர் பாலை உறைய வைத்த ஆலை போய்
எண்ணெய்க் கிடங்கு வந்தது. கிடங்கும் போனது.
தரைக்கடியில் தொட்டி எத்தனை வருடம் ஒழுகியது என்பதற்கு
பழைய நிர்வாகத்திடம் ஒரு கணக்கு,
புதிய நிர்வாகத்திடம் ஒரு கணக்கு.
மண்ணைக் கேட்டு வா என்று என்னை அனுப்புகிறார்கள்.

காவலர் தீபேந்திரா கதவைத் திறக்கிறார்.
போன முறை அவர் மேசைக்கடியில் படுத்திருந்த பூனை
இப்போது நான்கு குட்டிகளோடு
என் நாற்காலியில்.

உளவுகோலை இறக்குகிறேன்.
விட்டு விட்டுக் கத்தினால் தண்ணீர்,
விடாமல் கத்தினால் எண்ணெய்.
நான்காம் கிணற்றில் அது மூச்சு விடாமல் கத்தும்.
பழகிவிட்டது.
நாற்பத்தொரு மில்லிமீட்டர் என்று எழுதுகிறேன்.
போன முறை நாற்பத்து நான்கு.
குறைந்து வருகிறது என்று அறிக்கை சொல்லும்.
குறைந்தது எங்கே போனது என்பதற்கு
அட்டவணையில் கட்டம் கிடையாது.
இங்கே நிலத்தடி நீர் வருடத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் நடக்கும்,
பள்ளத்தைப் பார்த்து.

பள்ளத்தில், வேலியோரம், ஒன்பது.
இதுவரை சுத்தம். சுத்தமாக இருப்பதுதான் அதன் வேலை.
வேலிக்கு அந்தப் பக்கம்
லயத்தை உடைத்தபோது கொடுத்த மலிவு வீடுகள்.
முதல் வீட்டில் இன்பராணி அக்கா
தோசை மாவு அரைத்து விற்கிறார்,
பொட்டலம் மூன்று வெள்ளி.
குழாயில் தண்ணீர் வராத நாட்களில்
போர் தண்ணீர்.

மூன்று கிணறளவு இறைத்து டிரம்மில் ஊற்றிவிட்டு
அதன் பிறகுதான் மாதிரி எடுக்க வேண்டும்.
கட்டைவிரல் பருமனில் கண்ணாடிக் குப்பி.
நீர் விளிம்பில் குவிந்து நிற்கும்வரை நிரப்பி
மூடி, கவிழ்த்து, விரலால் தட்ட வேண்டும்.
ஒரு குமிழி இருந்தாலும் போச்சு,
பென்சீன் தண்ணீரை விட்டு அதில் குடியேறிவிடும்.
குமிழி இல்லை.

வாசம் இருந்தது.

கையுறையை மாற்றினேன்.
மறுபடி முகர்ந்தேன். முகரக் கூடாது, அது விதி.
பெட்ரோல் நிலையத்தில்
பிள்ளைகள் ஜன்னலை இறக்கி இழுப்பார்களே, அதே.
உளவுகோல் மட்டும் விட்டு விட்டே கத்தியது,
தண்ணீர், தண்ணீர், தண்ணீர்.

என் மூக்குக்கு அங்கீகாரச் சான்றிதழ் இல்லை.
ஆய்வுக்கூடத்துக்குப் பத்து வேலை நாள் வேண்டும்.
பிறகு வரைவறிக்கை, அதற்கொரு திருத்தம்,
வழக்கறிஞரின் பென்சில், தீபாவளி விடுமுறை.

"என்னா, தண்ணி நல்லா இருக்கா?"
வேலிக் கம்பியின் ஓட்டை வழியே
வழக்கம்போல் ஒரு பொட்டலம் மாவு நீண்டது.

"அக்கா, ரெண்டு வாரத்துக்கு போர் தண்ணி வேணாம்."
"ஏன்?"
"சும்மாதான். டெஸ்ட்டு முடியட்டும்."
கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.
துடைத்து முடிக்க வெகு நேரம் ஆனது.
"எழுதித் தருவியா?"

என்னிடம் இருந்தது ஒரே படிவம்.
அதில் குறிப்பு என்ற கட்டத்துக்கு
ஒன்றரை அங்குல இடம்.
'வாசம் உண்டு' என்று எழுதினேன்.
தேதி, நேரம், கையெழுத்து.
எழுதியதை வேலிப் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.
அவர் கைப்பேசியில் படம் எடுத்தார்.
இரண்டு முறை.
முதல் படம் ஆடிவிட்டது, யார் கை என்று தெரியவில்லை.

பனிப்பெட்டியில் குப்பிகள்.
அவற்றோடு, ஆய்வுக்கூடத்தில் சுத்த நீர் நிரப்பி
திறக்காமலே கொண்டு வந்து
திறக்காமலே கொண்டு போகும் ஒன்று.
எதையும் பார்க்காமல் திரும்புவதற்கென்றே ஒரு குப்பி.
சம்பளம் வாங்கும் எனக்கு
அதைப் பார்த்தால் சில நாள் பொறாமையாக இருக்கும்.

மாவைப் பனிப்பெட்டியில் வைக்கக் கூடாது.
பக்கத்து இருக்கையில் வைத்து
வார் போட்டேன்.

சிரம்பான் டோலில் வரிசை நகரவில்லை.
வெயிலில் பொட்டலம் உப்பி, முடிச்சு இறுகி,
உள்ளே குமிழி மேல் குமிழி.
காரெல்லாம் புளித்த வாசம்.

எந்தத் தண்ணீரில் அரைத்தது என்று
நான் கேட்கவில்லை.