மஞ்சள் ஏறாத குழிகள்

சிலும்பாவில் இந்த வாரம்
மூன்று முறை மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் பார்க்கும் கோண்ட்வே
டீசல் கையோடு எட்டிக் கேட்கிறார்:
"பிழைத்ததா?"

பிழைத்தது.
தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
மேல்பாதி, உறைபனியில் விமானம் ஏறி வந்த
எஸ்ஸெக்ஸ் பள்ளிக்கூடம்.
கீழ்ப்பாதி, இந்த ஏரிக்கரை.
இரண்டு தோளிலும் ஒரே காசநோய்த் தடுப்பூசி,
ஒரே தொகுதி எண்.
நீலம் ஏறுகிறது. அமிலம் விட்டதும் மஞ்சள்.

மேல்வரிசை
ஊசிக்கு முன் ஊமை,
ஊசிக்குப் பின் குழிக்குக் குழி கூச்சல்.
எங்கள் பிள்ளைகள்
முன்பே ஏதோ முணுமுணுத்தார்கள்.
பின்பும் அதே முணுமுணுப்பு,
ஒரு இழை கூட.

"பலவீனமான பதில்" என்கிறது படிவம்.
அந்தப் பத்தியில் எழுதும்போது மட்டும்
என் பேனா அழுத்துகிறது.

பலவீனமா?
தெரிந்தவன் வந்தால் நாய் குரைக்குமா?
உசிபா மீன் காயும் மணலில் தவழ்ந்தவர்கள்,
ஏரியைக் கையால் அள்ளிக் குடித்தவர்கள்.
சேற்றில் வாழும் எத்தனையோ கிருமிகள்
காசக் கிருமிக்குப் பங்காளி முறை.
ஊசியில் வந்தவன் வாசலில் நின்று
பெயர் சொல்லும் முன்பே உடம்பு
"தெரியும், உட்கார்" என்றிருக்கும்.

இரண்டு வருடம் இதையே சொன்னேன்,
நிதி தருகிறவர்களிடம்,
பைக்கில் குளிர்பெட்டி கட்டி வரும் தும்பாலேயிடம்.
சொல்ல அழகாக இருந்தது.

பிறகு கைக்குழந்தைகள் வந்தார்கள்.
துசெகிலேயின் மகள் சுவிலாஞ்சி.
பிறந்து இருபதாம் நாள் ஊசி,
மூன்றாம் மாதம் குதிகாலில் ரத்தம்.
மண்ணை மிதிக்காத கால் அது.
தாய்ப்பால் தவிர வேறு ருசி அறியாத ரத்தம்
எஸ்ஸெக்ஸ் குழந்தையின் பக்கத்துக் குழியில்
வெளிறிப் போய் நின்றது.

வயிற்றுக்குள் இருந்தே கேட்டாளோ
அம்மாவின் உடம்பு பேசியதை?
மழைக்காலமா, மலேரியாவா,
நாங்கள் இன்னும் பெயர் வைக்காத ஒன்றா?
தும்பாலே தோளைக் குலுக்குகிறான்.
"நன்றாகப் பால் குடிக்கிறாள். தழும்புதான் விழவில்லை."

தழும்பு விழுந்த தோளோடு
துசெகிலேயின் அண்ணன்
மாவட்ட மருத்துவமனையில் இருமிக்கொண்டிருக்கிறார்,
ஜன்னலோரக் கட்டிலில்.

எண்களை ஏற்றிவிட்டேன்.
"விளக்கம்" என்ற கட்டம் காலி.
நாளை எடை பார்க்க வருவாள் துசெகிலே.
போன முறை கேட்டாள்,
பரீட்சை எழுதிய பிள்ளையைக் கேட்பதுபோல்,
"என் மகள் பாஸா?"

முந்நூறு கிராம் கூடியிருக்கிறாள்
என்று சொன்னேன்.