மைனஸ் நான்கு

சாவதற்கு ஏழு மாதம் முன்பு
ரெஜிஸ் அமலோர் தானே வந்தார் என் கடைக்கு.
வாடகைக்கு அல்ல, பார்க்க.
கண்ணாடி மூடியைத் தட்டினார்,
கம்ப்ரசரில் காதை வைத்தார்,
எவ்வளவு போகும் என்றார்.
மைனஸ் நான்கு, கரண்ட் ஒழுங்காக வந்தால்.
"எனக்கு மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு வேணும்"
சிரிக்காமல்தான் சொன்னார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினேழு வருடம்.
வருடம் ஒருமுறை கடற்கரைப் பக்கம் போய்
உயிரோடிருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால்
அடுத்த வருடத்துக்குப் பென்ஷன்.
"உறைஞ்சு கிடக்கிறவன்
எந்தக் கட்டத்துல டிக் போடுவான்?"
கேட்க வேறு ஆளில்லாமல்
ஐஸ் பெட்டிக்காரனிடம் கேட்டார்.

நான் தேங்காய்த்திட்டில் ஐஸ் உடைத்தவன் மகன்.
மெதுவாக உறைந்த வஞ்சிரம்
உருகும்போது கந்தலாகும்,
தண்ணீர் ஊசியாகி உள்ளிருந்தே குத்தும்.
அதேதான் என்றார் அவர், உற்சாகமாக.
அதனால் முதலில் ரத்தத்தை வடிப்பார்களாம்,
வேறொரு திரவம் ஏற்றுவார்களாம்,
உடம்பு ஐஸ் ஆகாமல் கண்ணாடியாகுமாம்.
பிறகு எஃகு உருளையில் தலைகீழாக,
வற்றினாலும் தலை கடைசிவரை நனைந்திருக்க.
எழுப்பத் தெரியுமா அவர்களுக்கு?
"இன்னும் இல்லை"
வில்லியனூர் பஸ் இன்னும் வரவில்லை என்பதுபோல.

மணிக்கட்டில் ஒரு எஃகு வளையம்.
பொடி எழுத்தில் ஆங்கிலம்:
எரிக்காதே, அறுக்காதே,
உடனே ஐஸ் வை,
இந்த எண்ணுக்கு அழை.

மே மாதம், ஞாயிறு,
மாலைப் பூசைக்குச் சட்டை மாட்டும்போது விழுந்தார்.
டாக்டரை அழைத்தார்கள், சாமியாரை அழைத்தார்கள்,
மூன்றாவதாக என்னை.
லியோனிலிருந்து மகள் வரவேண்டும்.
பெட்டியை இறக்கி ஸ்டெபிலைசர் மாட்டி
அவரைப் படுக்க வைத்தபோது
வளையம் விளிம்பில் மோதிச் சத்தம் கொடுத்தது.
எனக்கு மட்டும் கேட்டிருக்கும்.

அப்போதே அழைத்திருக்கலாம்.
வாடகைக்காரன் எதற்கு அழைக்க வேண்டும்?
வீட்டில் அத்தனை பேர் இருந்தார்கள்.

இரண்டாம் ராத்திரி இரண்டு மணிக்கு
மொட்டைமாடி ஏறி அழைத்தேன்.
அங்கே பகல்.
எடுத்தவரிடம் என்னிடமிருந்த ஆங்கிலம் எல்லாம் சொன்னேன்:
பாண்டிச்சேரி. அமலோர். பெட்டி. மைனஸ் நான்கு.
எத்தனை மணி நேரம் என்றார்.
முப்பத்தொன்று என்றேன்.
அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
பிறகு ஸாரி என்றார், இரண்டு தடவை.
கரண்ட் கட் ஆகவே இல்லை என்றேன் நான்,
அது ஏதோ உதவும்போல.

மகள் வந்ததும் மூடியில் கை வைத்தாள்.
உட்புறம் நீர்த்துளிகள்.
மூச்சு விடுறாரா என்றாள்.
இல்லம்மா,
திறந்து திறந்து பார்த்தாங்க,
வெளிக்காத்து உள்ளே போய் வேர்க்குது.

வளையத்தைக் கழற்ற வந்தவனை
மதாம் ஒதீல் தடுத்தார்:
"நம்பர் அவர் கையிலயே இருக்கட்டும்."
உப்பளத்தில் அன்று நாற்பத்தொரு டிகிரி.
நான்கு நாள் வாடகையில் ஒரு நாளைக் குறைத்தேன்,
காரணம் சொல்லவில்லை.

அக்டோபரில் மதாம் கடைக்கு வந்தார், கையில் கவர்.
செத்ததை எழுதிப் போட்டாயிற்றாம்,
ஆனாலும் வந்திருக்கிறது அந்தப் படிவம்.
மேற்படி நபர் உயிருடன் இருக்கிறாரா?
ஆம் என்று ஒரு கட்டம்.
வேறு கட்டமில்லை.

பெட்டியை பினாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன்,
சாயங்காலம் அரியாங்குப்பம் போகவேண்டும்.
அவர் ஸ்டூலில் உட்கார்ந்து
எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"இதுக்குக் கீழ போகவே போகாதா?"
போகாது மதாம்.
"அவர்கிட்டயும் இதையேதான் சொன்னியா?"