கவாத்துக் கத்தி

யூதாஸ் தூக்கில் தொங்கினான் என்கிறார் மத்தேயு.
விழுந்து உடல் பிளந்தான் என்கிறார் லூக்கா.
செம்மநத்தம் ஜெபக்கூட்டத்தில்
உபதேசியார் ஞானாதிக்கம் இரண்டையும் முடிச்சுப் போட்டார்:
கயிறு அறுந்திருக்கும், அவ்வளவுதான்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.

எங்கள் வீட்டிலும் இரண்டு விதம் உண்டு.
மிளகு பறிக்கப் போனான், மூங்கில் ஏணி வழுக்கிவிட்டது
என்கிறாள் அம்மா,
கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டி.
கயிறு என்று எழுதியிருக்கிறது ஏற்காடு ஸ்டேஷனில்.
அம்மாவை யாரும் பொய்க்காரி என்றதில்லை,
ஏட்டையாவையும்.

அப்படியானால் அந்த நிலத்தை வாங்கியது யார்,
ஆசாரியர்களா, அவனேயா?
பின்வரிசையில் யாரோ கேட்கிறார்.
உபதேசியார் கண்ணாடியைத் துடைக்கிறார்.
ஜன்னல் வரைக்கும் பனி.

சில்வர் ஓக் மரத்தடிக்கு அன்று
முதலில் போனது நான்.
காப்பி மூட்டை கட்டுகிற கயிறு,
தானாக அறுந்துபோகாது.
என் இடுப்பில் கவாத்துக் கத்தி இருந்தது.
தாங்கிப் பிடிக்க இன்னொரு ஆள் இல்லை.
விழுந்தான் என் தேவசித்தம்,
சரிவில், காப்பிச் செடிகள் முறிய.

இருவர் எழுதியதும் சரியாகத்தான் இருக்கும்.
மரத்தடிக்கு யார் போனார் என்பதை மட்டும்
இருவருமே விட்டுவிட்டார்கள்.

நானும் சொல்லவில்லை.
டீ கொடுக்க எழுந்தேன்.